லாக்கர் ரூமுக்குள் நிருபர் நிற்கலாமா? அடுத்த வாரம் நான் நிற்கப் போகிறேன்

வித்யா_பி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அமெரிக்காவில் இதழியல் படிக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் முதல் மைனர் லீக் (பெரிய அணிகளுக்குக் கீழ்மட்ட) பேஸ்பால் ஆட்டங்களை நான்தான் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கிளப்ஹவுஸுக்குள் போய், இரண்டு மூன்று வீரர்களிடம் பேசி, முக்கால் மணி நேரத்துக்குள் செய்தியை அனுப்பிவிட வேண்டும். கிளப்ஹவுஸ் என்பது அவர்கள் உடை மாற்றும் அறைதான். குளித்துவிட்டு வருவதும் அங்கேதான், சாப்பிடுவதும் அங்கேதான், நிருபர்கள் நிற்பதும் அங்கேதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஆம்பளைங்க துணி மாத்துற எடத்துல உனக்கு என்னடி வேலை?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூச்சம் மட்டும் என்றால் சமாளித்துக்கொள்வேன். எனக்கு உறுத்துவது வேறு. 2024 அக்டோபரில் என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) வீரர்கள் சங்கத்தின் செயற்குழு, பேட்டிகளை லாக்கர் ரூமுக்கு வெளியே நடத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. அந்தரங்கம் பாதிக்கப்படுகிறது என்பதுதான் முக்கியக் காரணம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் டெட் காரஸ் இதை முன்னின்று பேசினார். படித்தபோது அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது. வேறு எந்த வேலையில் ஒருவர் இடுப்பில் துண்டோடு நின்று கேள்விக்குப் பதில் சொல்கிறார்? ஆனால் நிருபர்களின் சங்கமோ கதவை மூடக் கூடாது என்கிறது. எதற்காக இவ்வளவு பிடிவாதம்? இந்த வேலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சுந்தர்_நியூஜெர்சி

நான் வீரர்கள் பக்கம். இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் என்எஃப்எல் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆறவிட்டு, கதவைத் திறந்துவிடுகிறார்கள். பயிற்சி நாட்களில் 45 நிமிடம் வேறு. 2015 அக்டோபரில் பெங்கால்ஸ் வீரர் ஒருவரை நேரலையில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் உடையில்லாமல் நின்ற வீரர்கள் அப்படியே தொலைக்காட்சியில் வந்துவிட்டார்கள். சேனல் மன்னிப்புக் கேட்டது. கேட்டு என்ன? அந்தக் காட்சி போனது போனதுதான்.

இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்த காலத்து ஏற்பாடு இது. ஐரோப்பியக் கால்பந்தில் வீரர்கள் வெளியே வரும் வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள். கிரிக்கெட்டில் பிரஸ் மீட். அதனால் அந்த விளையாட்டுகளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லையே.

பழைய_நிருபர்

வித்யாம்மா, உன் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அதே கேள்வியை 1977-ல் அமெரிக்க பேஸ்பால் கமிஷனரின் அலுவலகமே கேட்டது. நீ உள்ளே போவதற்கு முன் அந்தக் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெலிசா லட்கி, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் நிருபர். அப்போது வயது 26. அந்த ஆண்டு உலகத் தொடரில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரில், நியூயார்க் யாங்கீஸும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும் மோதின. டாட்ஜர்ஸ் வீரர்கள் தங்களுக்குள் பேசி, அவர் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். முறையான அனுமதி அட்டையும் அவரிடம் இருந்தது. முதல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கமிஷனர் பௌவி கூனின் அலுவலகத்தார் அவரைக் கூப்பிட்டுக் கிடையாது என்றார்கள். வீரர்களின் மனைவிமாரைக் கேட்கவில்லை, அவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

ஆறாவது ஆட்டத்தில் யாங்கீஸின் ரெஜி ஜாக்சன் மூன்று ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்தார். யாங்கீஸ் கோப்பையை வென்றது. நாடே அந்த ஒரு மனிதர் என்ன சொல்வார் என்று காத்திருந்த ராத்திரி அது. ஆண் நிருபர்கள் அத்தனை பேரும் உள்ளே. லட்கி வெளியே நடைவழியில், தள்ளுமுள்ளுக்கு நடுவே, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றார். கடைசியில் ஜாக்சன் வந்தார், ரொம்பக் களைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நடைவழியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். செய்தி சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, நீ இந்தப் பக்கம் நிற்கிறாய். நிருபருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

வழக்குப் போட்டார்கள். நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். 1978 செப்டம்பர் 25-ல் தீர்ப்பு சொன்னார். யாங்கீ ஸ்டேடியம் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தமானது, நகரத்திடம் குத்தகைக்கு வாங்கிய இடத்தில் பெண் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது சட்டப் பகுதி. எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. அந்தரங்கம் என்கிறீர்களே, ஆட்டம் முடிந்த உடனே தொலைக்காட்சிக் கேமராவை உள்ளே விடுகிறீர்கள், அப்போது எங்கே போனது அந்தரங்கம் என்ற கேள்வி. வீரர்களுக்கு மறைவு வேண்டும் என்றால் அவரவர் இடத்துக்கு முன்னால் ஒரு திரை போடலாம், துண்டு கட்டிக்கொள்ளலாம், அதற்காக ஒரு நிருபரின் பிழைப்பைத் தடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

சுந்தர் தம்பி சொன்ன 2015 நேரலைக்கும் இதுதான் பதில். அந்தச் சேனல் அப்போது என்எஃப்எல் லீக்கின் சொந்தச் சேனல். வெளியாள் யாரும் அந்தக் கேமராவைப் பிடிக்கவில்லை.

டர்ஃப்_கார்த்தி

பழைய நிருபர் சார், லட்கி கதை மனசைத் தொட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் கேட்டது சமமான அனுமதி. ஆணுக்குத் திறந்த கதவு பெண்ணுக்கும் திறக்க வேண்டும். சரி. அதே கதவை எல்லோருக்கும் மூடிவிட்டால் அதுவும் சமத்துவம்தானே? கிரிக்கெட்டில் அப்படித்தான் இருக்கிறது. டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் ஆணும் போக முடியாது, பெண்ணும் போக முடியாது. சூதாட்டத் தடுப்பு விதிப்படி வீரர்களே போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டக் கூடாது. 2018-ல் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் வீரர்கள் இரண்டு பேர் கட்டியிருந்ததற்கே ஐசிசி அதிகாரிகள் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அங்கே அந்தரங்கமும் இருக்கிறது, யாருக்கும் பாகுபாடும் இல்லை. இதில் என்ன குறை?

காயத்ரி_ஆர்

கார்த்தி, குறை இருக்கிறது. கதவை மூடினால் செய்தி நிற்காது, வேறு ஓட்டை வழியாக வரும்.

2024 டிசம்பர் கடைசியில் மெல்போர்ன் டெஸ்டில் தோற்ற பிறகு, கம்பீர் டிரெஸ்ஸிங் ரூமில் வீரர்களைக் கடிந்துகொண்டார் என்று செய்தி வந்ததே. எழுதிய நிருபர் அந்த அறைக்குள் இல்லை. உள்ளே இருந்த யாரோ, பெயர் சொல்லாமல், தனக்கு வேண்டிய விதத்தில் சொன்னதை வாங்கி எழுத வேண்டிய நிலை. சிட்னியில் கம்பீரிடம் கேட்டபோது, உள்ளே பேசுவது உள்ளேயே இருக்க வேண்டும் என்றார். அவர் கோபம் நியாயம். ஆனால் பூட்டிய அறையிலிருந்துதான் அது வந்தது என்பதையும் பாருங்கள். சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்று வாசகருக்குத் தெரியவே போவதில்லை.

இன்னொன்று. பொதுவான கதவு இல்லாத இடத்தில் தனிப்பட்ட போன் நம்பர்தான் கதவு. யாருக்கு எந்த வீரரோடு பழக்கம் என்பதை வைத்துத்தான் பேட்டி. 2022-ல் விருத்திமான் சாஹா, பேட்டி தரவில்லை என்பதற்காக ஒரு பத்திரிகையாளர் அனுப்பிய மிரட்டல் தொனிச் செய்திகளை வெளியிட்டார். கிரிக்கெட் வாரியம் விசாரித்து அந்தப் பத்திரிகையாளருக்கு இரண்டு ஆண்டுத் தடை போட்டது. இருபது பேர் பார்க்க நின்று கேட்கும் அறையில் அந்த மாதிரி மிரட்ட முடியுமா?

அப்புறம், கிரிக்கெட் டிரெஸ்ஸிங் ரூமில் கேமராவே இல்லை என்று யார் சொன்னது? 2023 உலகக் கோப்பையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு ஃபீல்டிங் பதக்கம் கொடுக்கும் வீடியோவை நாமெல்லாம் ஆசையாகப் பார்த்தோம். அது வாரியத்தின் சொந்தக் கேமரா. 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். நம்ம அஷ்வின் ரோஹித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வு பெறுகிறேன் என்றார், கேள்விகள் வாங்காமல் எழுந்து போனார். அடுத்து நமக்குக் கிடைத்தது டிரெஸ்ஸிங் ரூமில் அவர் பேசியதை வாரியமே வெளியிட்ட வீடியோ. அதைப் பார்த்து நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் தொடர் நடுவில் ஏன், எப்போது முடிவெடுத்தீர்கள் என்று அன்று ஒருவராலும் கேட்க முடியவில்லை. அழ வைப்பதை அணியின் கேமரா செய்துவிடும். கேள்வி கேட்க வெளியாள்தான் வேண்டும்.

டர்ஃப்_கார்த்தி

அக்கா, அஷ்வின் அன்றைக்குப் பேச விரும்பவில்லை. அது அவர் உரிமை. அவரைத் துரத்திக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டுமா?

காயத்ரி_ஆர்

இல்லை. திறந்த அறையிலும் பேசமாட்டேன் என்று சொல்லலாம். அமெரிக்காவில் தினமும் சொல்கிறார்கள். நான் சொல்வது, பேச விரும்புகிற மற்ற பத்துப் பேரை யார் கேட்பது என்பது. பிரஸ் மீட் மேடைக்கு யார் வருவது என்று தீர்மானிப்பது அணி.

மட்டுறுத்துநர்

இந்த இழையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெண் நிருபர்கள் எதற்காக லாக்கர் ரூமுக்குப் போகிறார்கள் என்று கொச்சையாக எழுதப்பட்டவை. கேள்வி கேட்டிருப்பவர் வேலைக்குப் போகிற ஒரு மாணவி. அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

காயத்ரி_ஆர்

நன்றி. நீக்கிய பதிவுகளை நான் படித்துவிட்டேன், அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

1990 செப்டம்பர் 17. பாஸ்டன் ஹெரால்ட் நிருபர் லிசா ஓல்சன், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் லாக்கர் ரூமில் ஒரு வீரரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மற்ற சில வீரர்கள் உடையில்லாமல் அவர் பக்கத்தில் வந்து நின்று அசிங்கமாகப் பேசினார்கள். என்எஃப்எல் விசாரிக்க வைத்தது ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் பிலிப் ஹேமனை. அவர் அறிக்கைக்குப் பிறகு ஸீக் மோவாட் என்ற வீரருக்கு 12,500 டாலர், வேறு இருவருக்கு ஆளுக்கு 5,000 டாலர் அபராதம். ஆனால் ஊர் ஓல்சனைத்தான் தண்டித்தது. ரசிகர்கள் அவரை மைதானத்தில் கூச்சலிட்டு விரட்டினார்கள், கார் டயரைக் கிழித்தார்கள். அவர் ஆஸ்திரேலியாவுக்கே போய் வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே சின்சினாட்டி பயிற்சியாளர் சாம் வைச், யுஎஸ்ஏ டுடேயின் டெனீஸ் டாமை உள்ளே விடாமல் நிறுத்தினார், அபராதமும் கட்டினார்.

அந்த அறையில் அந்தரங்கம் பறிபோனது யாருக்கு? வீரர்களின் அந்தரங்கம் என்று நாம் பேசும்போது, நோட்டுப் புத்தகத்தோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கும் ஒரு மானம் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

வித்யா, பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்போது விதிகள் இருக்கின்றன, உன்னோடு இன்னும் பெண்கள் இருப்பார்கள். ஏதாவது நடந்தால் அன்றைக்கே ஆசிரியருக்கு எழுத்தில் சொல்.

உமா_செவிலியர்

எனக்கு விளையாட்டு அதிகம் தெரியாது, இந்த இழை இழுத்துக்கொண்டது. நான் முப்பது வருஷமாகச் செவிலியர். பொது வார்டில் நாற்பது கட்டில். ஒருவருக்குக் காயம் கட்டும்போது நாங்கள் திரையை இழுக்கிறோம், வார்டையே காலி செய்வதில்லை. அந்த நீதிபதி அம்மா சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

ஆனால் துணி மட்டும்தானா அந்தரங்கம்? உடம்புக்கு என்ன என்பதும், அவர் யார் என்பதும் அதைவிடப் பெரிய அந்தரங்கம். அதற்குத் துண்டு போதாது. நிருபர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்?

சுந்தர்_நியூஜெர்சி

உமா அக்கா சரியான இடத்தைத் தொட்டீர்கள். இதற்கு இரண்டு உதாரணம் எனக்கே தெரியும், இரண்டுமே நிருபர்களுக்குப் பெருமை தராதவை.

2014-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி மைக்கேல் சாமை எடுத்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு என்எஃப்எல் அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் வீரர். அவர் மற்ற வீரர்களோடு சேர்ந்து குளிக்கிறாரா இல்லையா என்று ஈஎஸ்பிஎன் ஒரு செய்தி போட்டது. ஒரு மனிதன் எப்போது குளிக்கிறான் என்பது செய்தியா? கண்டனம் வந்ததும் சேனல் வருத்தம் தெரிவித்தது. அடுத்த வருஷம், ஜூலை 4 பட்டாசு விபத்தில் கையில் அடிபட்ட என்எஃப்எல் வீரர் ஜேசன் பியர்-பாலின் மருத்துவக் குறிப்பையே படம் பிடித்து ஈஎஸ்பிஎன் நிருபர் ட்விட்டரில் போட்டார். விரல் எடுத்தாயிற்று என்று உலகத்துக்கே தெரிந்தது. அவர் வழக்குப் போட்டார், பின்னால் சமரசம் ஆனது.

இரண்டாவதற்கும் லாக்கர் ரூமுக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் உள்ளே விட்டால் எதை எழுதுவார்கள் எதை விடுவார்கள் என்று வீரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய_நிருபர்

சுந்தர் சொன்ன இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். குளியல் செய்தியை ஒரு நல்ல ஆசிரியர் மேசையிலேயே நிறுத்தியிருப்பார்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒரு பாட்டில் இருக்கிறது.

1998 கோடை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மார்க் மெக்வையர் ஒரு பருவத்தில் 61 ஹோம் ரன் என்ற ரோஜர் மாரிஸின் சாதனையைத் துரத்திக்கொண்டிருக்கிறார். 1994 வேலைநிறுத்தத்தில் மனம் வெறுத்துப்போன ரசிகர்கள் திரும்பி வந்த கோடை. அவருடைய லாக்கரைச் சுற்றி தினமும் நிருபர் கூட்டம். அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீனும் அதில் ஒருவர். லாக்கர் என்றால் நம்ம ஊர் பீரோ மாதிரி பூட்டு போட்டது இல்லை. முன்பக்கம் திறந்த மர அலமாரி, மேலே ஒரு தட்டு. அந்தத் தட்டில் ஒரு பொப்பாய் கீரை டப்பா, சர்க்கரை இல்லாத சூயிங் கம், பக்கத்தில் ஒரு பழுப்பு நிற பாட்டில். பாட்டிலின் மேல் ஆண்ட்ரோஸ்டெனிடையோன் என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் கண்ணிலும் அது பட்டிருக்க வேண்டும். வில்ஸ்டீன் எழுத்துக் கூட்டி நோட்டில் குறித்துக்கொண்டார். மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டார். உடம்பில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் பொருள். ஒலிம்பிக்கிலும் என்எஃப்எல்லிலும் தடை. பேஸ்பாலில் அப்போது தடை இல்லை.

ஆகஸ்டில் செய்தி வெளிவந்தது. அணியின் மேலாளர் டோனி லா ரூஸா, அசோசியேட்டட் பிரஸ்ஸை கிளப்ஹவுஸுக்குள் விடக் கூடாது என்கிற அளவுக்குக் கொதித்தார். அலமாரியைத் துழாவுகிறார்கள், அந்தரங்கத்தில் தலையிடுகிறார்கள் என்றார்கள். என்னைப் பாதித்தது அதுவல்ல. சக நிருபர்களில் பலரே வில்ஸ்டீனைத் திட்டினார்கள். திருவிழா நேரத்தில் இது தேவையா என்றார்கள். மெக்வையர் அந்தப் பருவத்தில் 70 அடித்தார். 2010 ஜனவரியில், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டது உண்மைதான், 1998-லும் எடுத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பாட்டில் அவருடைய அந்தரங்கமா? தட்டில் வெளிப்படையாக வைத்திருந்தார். யாரும் பையைத் திறக்கவில்லை. அதே சமயம், அது இதய நோய்க்கான மாத்திரையாக இருந்திருந்தால்? எழுதியிருக்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன், அதுவும் அதே தட்டில்தான் இருந்திருக்கும். கண்ணில் படுகிறதா என்பது கேள்வி இல்லை. ஆட்டத்துக்கும் அதைக் காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்கும் அதில் சம்பந்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள நிருபர் முதலில் அந்தத் தட்டுக்கு எதிரே நின்றிருக்க வேண்டும். மேடையில் மைக் வைத்துப் பேசவிட்டிருந்தால் அந்தப் பாட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

உமா_செவிலியர்

இதய மாத்திரை உதாரணம் எனக்குப் போதும் சார். ஆனால் அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நிருபரும் பார்ப்பார் என்று என்ன நிச்சயம்?

பழைய_நிருபர்

நிச்சயம் இல்லை அம்மா. என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன், ஒரு ஹாக்கிப் போட்டி. ஊர் பெயர் வேண்டாம். வீரர்கள் உடை மாற்ற ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். யாரும் யாரையும் தடுக்கமாட்டார்கள். ஒரு அணியின் கோல்கீப்பர் பையன் நான்கு கோல் விட்டான். இரண்டு சாதாரணப் பந்து, கால் நகரவே இல்லை. நான் பிரஸ் மேசையிலேயே முதல் வரியை எழுதிவிட்டேன். கோல்கீப்பரின் மோசமான ஆட்டத்தால் தோல்வி. மேற்கோள் ஒன்று வாங்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். பையன் பேடு கட்டியபடியே மூலையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவன் என்னிடம் மடித்த தந்தி ஒன்றைக் காட்டினான். அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வா. ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பையன் நிமிர்ந்து பார்த்து, "எழுதாதீங்க அண்ணே. தெரிஞ்சும் விளையாடினேன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான்.

தந்தியைப் பற்றி எழுதவில்லை. முதல் வரியையும் அடித்துவிட்டேன். நான்கு கோல் எப்படி விழுந்தது என்று மட்டும் எழுதினேன். சப்பென்று இருக்கிறது என்று ஆசிரியர் கடிந்துகொண்டார். கொட்டகைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் அந்த முதல் வரி அச்சாகியிருக்கும், அந்தப் பையன் ஊரில் அதைப் படித்திருப்பார்கள். அந்தரங்கத்தைக் காக்கக் கதவை மூடு என்கிறவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். உள்ளே வந்து முகத்தைப் பார்த்தவன் எழுதுவதற்கும், மாடியிலிருந்து பார்த்தவன் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சுந்தர்_நியூஜெர்சி

சார், தந்தி கதைக்குப் பிறகு கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

நான் முழுதாக மாறிவிடவில்லை. திறந்து வையுங்கள், ஆனால் இன்னும் பத்து நிமிடம் கூடக் கொடுங்கள். குளித்து, உடுத்தி முடிக்கட்டும். கேமராவுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள், மற்ற இடத்தில் நோட்டு மட்டும். புதிய மைதானங்களில் குளிக்கும் இடத்தையும் உடுத்தும் இடத்தையும் தனியாகக் கட்ட முடியும், காசு இல்லாத லீக் இல்லையே இது. அந்தக் காசைச் செலவு செய்யாமல் வீரரையும் நிருபரையும் மோதவிடுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது கூடைப்பந்து (என்பிஏ), பேஸ்பால், ஐஸ் ஹாக்கி, கால்பந்து (எம்எல்எஸ்) லீக்குகள் எல்லாம் ஒரே அறிக்கையில் அறைகளை மூடின. அப்புறம் ஜூம் திரை. பதினைந்து பேர் வரிசையில் கை தூக்கி, ஆளுக்கு ஒரு கேள்வி. அந்த நாட்களில் வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது. பெரிய நட்சத்திரத்தின் மேற்கோள் ஒன்று, பயிற்சியாளரின் மேற்கோள் ஒன்று. மூலையில் உட்கார்ந்திருக்கும் மாற்று வீரர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை.

காயத்ரி_ஆர்

சுந்தர் அண்ணா, நீங்கள் சொன்ன மூலை ஏற்பாடு எனக்கும் சம்மதம்.

வித்யா, உள்ளே போவதற்கு முன் இன்னொரு பெயரைத் தெரிந்துகொண்டு போ. கிளேர் ஸ்மித், பேஸ்பால் நிருபர். 1984 அக்டோபரில் சிகாகோவில் சான் டியேகோ பாட்ரேஸ் கிளப்ஹவுஸிலிருந்து அவரைத் தள்ளி வெளியேற்றினார்கள். டெட்லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்ணில் நீர். பாட்ரேஸ் வீரர் ஸ்டீவ் கார்வி வெளியே வந்து, உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ நிற்கிறேன், உங்கள் வேலையை நீங்கள் முடிக்க வேண்டும் என்றார். அதன் பிறகு புதிய கமிஷனர் பீட்டர் யூபராத் எல்லா அணிகளும் கதவைச் சமமாகத் திறக்க வேண்டும் என்று ஆக்கினார். 2017-ல் பேஸ்பால் எழுத்தாளர்களுக்கான மிக உயர்ந்த விருதை வாங்கிய முதல் பெண் அதே கிளேர் ஸ்மித்.

வித்யா_பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்விட்டு வந்தேன். அம்மாவுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பினேன். திரை இழுப்பது பற்றி உமா அக்கா எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார்.

உள்ளே நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. தாழ்ந்த கூரை, ஈரத் துண்டு வாடை, ஒரு மேசையில் பீட்சா பெட்டிகள். என்னோடு ஒரு வயதான நிருபர், அவ்வளவுதான். நான் பேச வேண்டியது கேட்சரிடம் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி). ஏழாவது இன்னிங்ஸில் அவர் இரண்டாம் பேஸுக்கு எறிந்த பந்து விலகிப்போய்த்தான் ஆட்டம் தோற்றது. முழங்காலில் ஐஸ் பை வைத்துப் பிளாஸ்டிக் சுற்றி உட்கார்ந்திருந்தார், சட்டை இல்லை. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, "இரண்டு நிமிஷம்" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார். 

அந்த எறிதலைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் நகம் பாதி பிளந்து, ஓரத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அப்புறம்தான், "இதை எழுதிவிடாதே. மேல் அணிக்கு ஆள் பார்க்கிறார்கள்" என்றார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

பழைய_நிருபர்

எழுதாதே என்று சொல்லிவிட்டுக் காட்டினாரா, காட்டிவிட்டுச் சொன்னாரா?

வித்யா_பி

காட்டிவிட்டுத்தான் சொன்னார்.

பழைய_நிருபர்

அப்படியானால் விதிப்படி நீ எழுதலாம். வாக்குக் கொடுத்த பிறகு அவர் காட்டியிருந்தால்தான் உன் கை கட்டப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பையனுக்கு இந்த விதி தெரிந்திருக்காது. என்ன செய்தாய்?

வித்யா_பி

எறிதல் விலகியது என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். ஆசிரியரிடம் விரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், முடிவை என்னிடமே விட்டிருக்கிறார். நாளை மறுநாள் மறுபடி ஆட்டம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னாலேயே போய், அவரிடமே அந்த விதியைச் சொல்லி, மறுபடி கேட்கப் போகிறேன்.